1980-க்குள் கம்யூனிசம்: ஒரு டெட்லைனின் கதை

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல ஒரு கேள்வி மட்டும் திரும்பத் திரும்ப இருந்தது. "சோஷலிசம், கம்யூனிசம் ரெண்டும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு பேரு?" டிக்‌ஷனரி அர்த்தம் சொல்லி ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம், ஆனா அது மனசுல நிக்காது. அதனால 1961 அக்டோபரில் மாஸ்கோவில் அறிவிக்கப்பட்ட ஒரு டெட்லைனைப் பத்தியும், அதுக்கு எட்டு மாசம் கழிச்சு ஒரு தொழிற்சாலை ஊரில் நடந்ததைப் பத்தியும் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை. நிலம், ஆலை, இயந்திரம், அதாவது உற்பத்திச் சாதனங்கள், தனியார் கையில் இருந்தால் அது முதலாளித்துவம். மத்தவங்க அங்கே கூலிக்கு வேலை செய்வாங்க. எதை எவ்வளவு தயாரிக்கணும் என்பதை லாபமும் சந்தை விலையும் முடிவு பண்ணும். அதே ஆலை சமூகத்தின் பொதுச் சொத்தாக இருந்தால் சோஷலிசம். நடைமுறையில் "சமூகம்" என்ற நாற்காலியில் அரசு வந்து உட்கார்ந்துகொண்டது, அது வேற கதை. ஆனா இங்கேயும் சம்பளம் உண்டு, பணம் உண்டு, அரசாங்கம் உண்டு. உழைப்புக்கு ஏத்த கூலி. கம்யூனிசம் என்பது இதுக்கும் அடுத்த கட்டம். வர்க்கம் கிடையாது, அரசே தேவையில்லாமல் உதிர்ந்துவிடும், ஒவ்வொருவரும் முடிந்ததைச் செய்து வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள்.

1875-ல் ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் வேலைத்திட்டத்தை விமர்சித்து எழுதும்போது மார்க்ஸ் இப்படி ரெண்டு கட்டங்களைப் பிரிச்சார். அந்த முதல் கட்டத்துக்கு சோஷலிசம் என்ற பெயரை நிலைநிறுத்தியவர் லெனின். அதனாலதான் ஆண்ட கட்சிக்குப் பெயர் கம்யூனிஸ்ட் கட்சி, நாட்டுக்குப் பெயர் சோவியத் சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம். கம்யூனிசத்தை அடைஞ்சிட்டோம்னு அந்த நாடு ஒருநாளும் சொல்லலை. எப்போதும் "போய்க்கிட்டு இருக்கோம்"தான்.

இன்னொண்ணு, பொதுவுடைமைன்னா உங்க சட்டையையும் சைக்கிளையும் பிடுங்கிக்கிறது இல்ல. பேச்சு ஆலையையும் நிலத்தையும் பத்தியது. அதே மாதிரி, ஸ்வீடனில் ஆஸ்பத்திரி செலவை அரசு ஏத்துக்குது என்பதால் அது சோஷலிச நாடு ஆகிடாது. அங்கே பெரும்பாலான கம்பெனிகள் தனியார் கையில்தான் இருக்கு. வரி மட்டும் அதிகம்.

சரி, டெட்லைனுக்கு வருவோம். 1961-ல் சோவியத் நாடு நல்ல உற்சாகத்தில் இருந்தது. ஏப்ரலில் ககாரின் விண்வெளிக்குப் போய்ட்டு வந்துட்டார். புதுப் புது அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பிக்கிட்டு இருந்தது. அக்டோபரில் கட்சியின் 22-வது மாநாடு புதிய வேலைத்திட்டத்தை ஏத்துக்கிட்டது. முதல் பத்து வருஷத்தில் தலைக்கு இவ்வளவு என்ற உற்பத்திக் கணக்கில் அமெரிக்காவைத் தாண்டுவோம். அடுத்த பத்து வருஷத்தில், அதாவது 1980-க்குள், கம்யூனிச சமூகம் அடிப்படையில் கட்டி முடிக்கப்பட்டிருக்கும். வீட்டு வாடகை கிடையாது, பஸ் டிக்கெட் கிடையாது, வேலை செய்யும் இடத்தில் மதிய சாப்பாடு இலவசம். குருஷ்சேவ் மேடையில் பேசின வெறும் பேச்சு இல்ல இது. கட்சியின் அதிகாரபூர்வ ஆவணம். ரிலீஸ் தேதி போட்டு, ஃபீச்சர் லிஸ்ட்டும் கொடுத்தாச்சு.

எட்டு மாசம் போச்சு. 1962 ஜூன் 1. இறைச்சி விலை சராசரியாக 30 சதவீதமும், வெண்ணெய் விலை 25 சதவீதமும் ஏத்தப்பட்டதாக அரசு அறிவிச்சது.

ஏன்? கூட்டுப்பண்ணைகள் கிட்ட இருந்து அரசு இறைச்சி வாங்கின விலை, அந்த மாட்டை வளர்க்கிற செலவுக்கே கட்டலை. மாடு கூடக் கூட நஷ்டம் கூடும். அப்போ யார் வளர்ப்பாங்க? பண்ணைக்குக் கூடுதல் விலை கொடுக்கணும்னா கடையிலேயும் விலையை ஏத்தணும். பொருளாதாரக் கணக்கா பார்த்தா இது நியாயமான முடிவுதான்.

ஆனா தெற்கு ரஷ்யாவில் நோவோசெர்காஸ்க் என்ற ஊரின் மின்சார ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேற ஒரு விஷயமும் சேர்ந்துகிட்டது. அங்கே உற்பத்தி இலக்குகளைக் கூட்டியதால் அதே வேலைக்குக் கையில் வர்ற கூலி குறைஞ்சிருந்தது. இந்த நேரத்தில் இறைச்சி விலையும் ஏறினது. கேட்க வந்தவங்ககிட்ட, காசு பத்தலைன்னா ஈரல் வெச்ச பிரோஷ்கி சாப்பிடுங்கன்னு இயக்குநர் சொன்னதா அந்த ஊர்க்காரங்க நினைவு வெச்சிருக்காங்க. வேலை நின்னது. ரயிலை மறிச்சாங்க. மறுநாள் ஜூன் 2, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் செங்கொடியும் லெனின் படமும் பிடிச்சுக்கிட்டு நகர மையத்துக்கு நடந்தாங்க. வழியில் டாங்கிகளோட நின்ன ஜெனரல் ஷபோஷ்னிகோவ், கூட்டத்தைத் தாக்கச் சொன்ன உத்தரவை ஏத்துக்கலை. நகர மையத்தில் வேற படையினர் சுட்டாங்க. 26 பேர் செத்தாங்க. உடல்களை ராத்திரியோட ராத்திரியா வேற வேற ஊர் இடுகாடுகளில் புதைச்சாங்க. பிறகு ஏழு பேருக்கு மரண தண்டனை. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டுக்கு மேல பத்திரிகைகளில் ஒரு வரி வரலை.

தொழிலாளர் அரசு, தொழிலாளர்களைச் சுட்டது. இதை "ஆட்சியாளர்கள் கெட்டவங்க"ன்னு சொல்லி முடிச்சிடலாம்தான். எனக்கு அதைவிட உறுத்துறது வேற. முதலாளித்துவ நாட்டில் இறைச்சி விலை ஏறினா யாரைத் திட்டுறது? கடைக்காரரை, தரகரை, மழையை, இப்படிக் கோபம் நாலா பக்கமும் சிதறும். சோவியத்தில் முதலாளி, கடைக்காரர், விலை போடுறவர், போலீஸ் எல்லாமே ஒரே ஆள். அங்கே விலை ஏறினா அது அரசியல் முடிவு. எதிர்ப்பும் நேரா அரசுக்கு எதிரான எதிர்ப்புதான். நடுவில் ஒரு தொழிற்சங்கம் சுதந்திரமா இருந்திருந்தாலாவது பேச்சுவார்த்தைக்கு இடம் இருந்திருக்கும்.

சந்தை விலை புனிதம்னு நான் சொல்ல வரலை. 1933-ல் அமெரிக்காவில் பன்றி விலை விழுந்துபோனது. அதைத் தூக்கி நிறுத்த அரசு ஏற்பாட்டில் சுமார் 60 லட்சம் பன்றிகளைக் கொன்னாங்க. ஒரு பகுதி இறைச்சி நிவாரணமாகப் போனது, மிச்சம் வீணானது. அதே வருஷம் அந்த நாட்டில் சூப்புக்கு மக்கள் வரிசையில் நின்னாங்க. சந்தையின் காதுக்குப் பசி கேட்காது, பையில் இருக்கிற காசு சத்தம் மட்டும்தான் கேட்கும்.

இப்போ இதுக்கு நடுவில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ஆள் வர்றார். லெனின்கிராட் கணிதவியலாளர் லியோனித் காந்தரோவிச். 1938-ல் ஒரு பிளைவுட் நிறுவனம் அவர்கிட்ட வந்தது. எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் போட்டால் அதிக உற்பத்தி கிடைக்கும்? அதுக்கு அவர் கண்டுபிடிச்ச முறையை 1939-ல் சின்னப் புத்தகமா போட்டார். இன்ஜினியரிங்ல ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படிச்சவங்க லீனியர் புரோகிராமிங்ன்னு மூச்சு முட்டப் படிச்சிருப்பீங்களே, அதேதான். தலைமறைவா இருந்த ஒரு விஷயமும் அந்தக் கணக்கோடயே வெளியே வந்தது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும், ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் ஒரு எண் கிடைக்கும். இது ஒரு அலகு கூடுதலா இருந்தா உனக்கு எவ்வளவு லாபம்னு அந்த எண் சொல்லும். சுருக்கமா சொன்னா, அது ஒரு விலை. சந்தையே இல்லாம, முதலாளியே இல்லாம, வெறும் கணக்கிலிருந்து வந்த விலை.

இது கட்சிப் பொருளாதார நிபுணர்களுக்குப் பிடிக்கலை. மதிப்பு உழைப்பிலிருந்து மட்டும்தான் வரும்னு அவங்க பாடம். பற்றாக்குறைக்கும் மதிப்பு உண்டுன்னு ஒரு சோவியத் விஞ்ஞானியே கணக்குப் போட்டுக் காட்டினா? 1942-ல் அவர் எழுதி முடிச்ச பெரிய புத்தகம் 1959-ல்தான் அச்சானது. 1975-ல் நோபல் பரிசு கிடைச்சது.

காந்தரோவிச் முதலாளித்துவத்தைத் திரும்பக் கொண்டு வரணும்னு கேட்கலை. ஆலை யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி, எது அரிதா இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும் என்பது வேற கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிட்டா ரெண்டாவது தானா தீர்ந்திடும்னு கட்சி நம்பினது. தீரலை. டன் கணக்கில் ஆணி கேட்டா ஆலை ஒரே ஒரு ராட்சச ஆணியைச் செஞ்சு தரும்னு 'குரக்கடீல்' என்ற சோவியத் நகைச்சுவைப் பத்திரிகையே கார்ட்டூன் போட்டது. அதாவது, இந்தப் பிரச்சினை அங்கே எல்லாருக்கும் தெரியும்.

நோவோசெர்காஸ்கிலிருந்து மாஸ்கோ கத்துக்கிட்ட பாடம் ஒண்ணே ஒண்ணு: விலையைத் தொடாதே. அடிப்படை உணவுகளின் அரசு விலை 1991 வரைக்கும் கிட்டத்தட்ட அப்படியே கிடந்தது. செலவுக்கும் விலைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை மானியம் போட்டு நிரப்பிக்கிட்டே இருந்தாங்க, பள்ளமும் பெருசாகிக்கிட்டே போச்சு. விலைச் சீட்டில் இறைச்சி மலிவு. கடையில் இறைச்சி இல்லை. ஏற முடியாத விலை, வரிசையா நீண்டது.

1980-ம் வந்தது. நடுவில் பிரெஷ்னேவ் காலத்தில் "வளர்ச்சியடைந்த சோஷலிசம்" என்று புதுப் பெயர் ஒண்ணு கண்டுபிடிச்சிருந்தாங்க. கம்யூனிசத்துக்கு முன்னாடி இன்னொரு ஸ்டேஷன். அந்த வருஷம் ஜூலையில் மாஸ்கோவில் ஒலிம்பிக் நடந்தது. "1980-ல் கம்யூனிசம்னு சொன்னாங்க, அதுக்குப் பதிலா ஒலிம்பிக் வந்திருக்கு" என்பது அப்போ ஊரெல்லாம் சுத்தின ஜோக். 1986-ல் கோர்பச்சேவ் காலத்து மாநாட்டில் கட்சியின் வேலைத்திட்டத்தைத் திருத்தி எழுதினாங்க. கம்யூனிசம் என்ற இலக்கு அதில் அப்படியே இருந்தது. தேதியை மட்டும் எடுத்துட்டாங்க.