ஆமாவும் அரைக்கட்டு விறகும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2007 ஜனவரி. அல்மோராவுக்கு மாற்றலாகி வந்த பின் எங்களுக்கு அதுதான் முதல் குளிர்காலம். கடையத்தில் மார்கழிக் குளிருக்கே காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு திரிந்த ஆசாமி நான். 5,000 அடிக்கு மேலே இருக்கிற குமாவுன் மலையில் என் கதி என்னவாகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில் வாடகைக்கு இருந்தோம். ரூம் ஹீட்டர் வாங்கினேன். கரண்ட் இருந்தால்தானே! வீட்டுக்காரப் பாட்டி இரக்கப்பட்டு ஓர் அங்கீட்டி கொடுத்தார். நெருப்பு மூட்டிக் குளிர்காயும் இரும்புச் சட்டி அது. "தூங்கப் போகும்போது வெளியே வெச்சிடணும். மூடின அறைக்குள்ளே கணகணன்னு வெச்சுட்டுத் தூங்கினா காலையிலே எழுந்திருக்க மாட்டே" என்று எச்சரிக்கையும் கொடுத்தார்.

குமாவுனி மொழியில் பாட்டிக்கு 'ஆமா' என்று பெயர். தங்கமணி வாசலில் நின்று "ஆமா, ஆமா" என்று கூப்பிட, யாருக்கு இப்படி ஆமாம் போடுகிறாள் என்று முதல் வாரம் குழம்பித்தான் போனேன்.

ஒரு நாள் ஆமாவின் மருமகள் காட்டிலிருந்து ஒரு பெரிய கட்டு ஓக் மரக் கிளைகளைச் சுமந்து வந்து இறக்கினாள். இங்கே அந்த மரத்தை பாஞ்ச் என்பார்கள். இலை மாட்டுக்கு, கிளை அடுப்புக்கும் அங்கீட்டிக்கும். நாம்தான் நாலு பேப்பர் படித்தவர்களாயிற்றே, சும்மா இருப்போமா? "என்ன ஆமா, சிப்கோ நடந்த மலையிலேயே பச்சைக் கிளையை வெட்டலாமா?" என்றேன்.

ஆமா சிரித்தார். "பேட்டா, அவங்க மரத்தைக் கட்டிப்பிடிச்சது எதுக்குன்னு நினைச்சே? வீட்டிலே அடுப்பு எரியணும்னுதான்."

அந்த ஒரு வரி என்னை நூலகம் நூலகமாக அலைய வைத்தது.

1815-ல் கூர்க்காக்களிடமிருந்து குமாவுன் கம்பெனிக்காரர்கள் கைக்கு வந்தது. ரயில் பாதை போட ஆரம்பித்த பிறகுதான் காட்டு மரத்தின் மேல் அரசுக்குக் கண் விழுந்தது. 1864-ல் வனத்துறை, 1878-ல் கடுமையான வனச் சட்டம். 1893-ல் குமாவுனில் அளந்து எழுதப்படாத நிலம் எல்லாமே அரசின் பாதுகாக்கப்பட்ட காடு என்று அறிவித்துவிட்டார்கள். மேய்ச்சல் இடம், விறகு பொறுக்கும் சரிவு, பாறை எல்லாம் அதில் அடக்கம்.

1911 முதல் 1917 வரை நடந்தது இன்னும் மோசம். பெரிய பரப்புகள் ரிசர்வ் காடுகளாயின. எத்தனை மாடு மேயலாம், எந்தக் கிளையைக் கழிக்கலாம் என்பதற்கெல்லாம் விதிமுறை வந்தது. புதுப்புல் முளைக்க வருஷா வருஷம் தரைக்குத் தீ வைக்கும் பழக்கத்துக்கும் தடை. நேற்றுவரை விறகு எடுத்தவள் இன்று திருடி ஆனாள். துறைக்கு வேண்டியிருந்தது சீட் என்கிற பைன் மரம். அதில் தண்டவாளக் கட்டை கிடைக்கும், டர்பன்டைனுக்குப் பிசின் கிடைக்கும். பாஞ்ச் மரத்தில் சர்க்காருக்கு என்ன லாபம்? ஆனால் மலைக்காரப் பெண்ணுக்கு விறகு, தீவனம், எரு, சுனையில் தண்ணீர் எல்லாமே அதில்தான்.

இதற்கு மேல் 'கூலி உதார்' என்று ஒரு கொடுமை. சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் மூட்டை முடிச்சுகளைக் கிராமத்தார் முறை வைத்துச் சுமக்க வேண்டும். 1921 ஜனவரியில், மகர சங்கராந்தி மேளாவில் (அதாவது நம்ம பொங்கல் சமயம்) ஆயிரக்கணக்கானோர் பாகேஷ்வரில் கூடினார்கள். பத்ரி தத் பாண்டே போன்றவர்கள் முன்னால் நிற்க, இனிச் சுமப்பதில்லை என்று சபதம் செய்து, கூலிப் பதிவேடுகளைச் சரயு நதியில் தூக்கிப் போட்டார்கள்.

அந்தக் கோடையில் காடுகள் எரிந்தன. எதிர்ப்பாகவே பல இடங்களில் தீ வைக்கப்பட்டது. இந்த வரலாற்றை விரிவாக எழுதிய ராமச்சந்திர குஹா ஒன்றைக் கவனித்துச் சொல்கிறார். எரிந்தவை அரசுக்கு வருமானம் தந்த பைன் காடுகள். அகல இலை மரக் காடுகளை மக்கள் தொடவில்லை. கோபத்திலும் எதைக் கொளுத்தக்கூடாது என்று தெரிந்திருக்கிறது பாருங்கள்.

சர்க்கார் 1921-லேயே ஒரு குறைகேட்புக் குழு போட்டது. அதன் பரிந்துரைப்படி வணிக மதிப்பு குறைந்த காடுகள் வனத்துறையிடமிருந்து வருவாய்த் துறைக்கு மாறின. 1931-ல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. கிராமமே தன் காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. பின்னாளில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்து துறையின் பிடி இறுகினாலும், உத்தராகண்டில் இன்றும் 11,000-க்கும் மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன.

சிப்கோவுக்கு வருவோம். அது பக்கத்துக் கட்வால் மலையில், சமோலி மாவட்டத்தில் நடந்தது. ஏர்ச் சாமான் செய்ய ஊர்க்காரர்கள் கேட்ட மரத்தை இல்லை என்று சொல்லிவிட்டு, அலகாபாத்தில் இருந்த ஒரு விளையாட்டுச் சாமான் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். 1973-ல் மண்டல் கிராமத்தில் அதைத் தடுத்தார்கள். 1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்தில் ஆண்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது, கௌரா தேவி 27 பெண்களோடு போய் மறித்தார். அன்றாடம் விறகுக்கும் புல்லுக்கும் அந்தக் காட்டுக்குள் போகிறவர்கள் அவர்கள்தான். ஆமா சொன்னது சரிதானே?

இதெல்லாம் படித்த பிறகும் எனக்குப் புத்தி வந்ததா என்றால், இல்லை. குளிர் தாங்காமல் ஒரு நாள், "காசு தர்றேன் ஆமா, ரெண்டு கட்டு கூடுதலாக் கொண்டு வரச் சொல்லுங்களேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. அவர்கள் ஊர் வன பஞ்சாயத்து குளிர்காலத்தில் சில நாட்கள்தான் காட்டைத் திறந்துவிடும். வீட்டுக்கு இத்தனை கட்டு என்று கணக்கு. கிளை கழிக்கலாம், உச்சியைத் தொடக்கூடாது. மீறினால் அபராதம். "காசு உன்னோடது பேட்டா. காடு ஊருக்கே சொந்தம்" என்றார். சொல்லிவிட்டுத் தன் பங்கிலிருந்தே அரைக் கட்டை எடுத்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை.

அன்றைக்கு என் அப்பத்தா ஞாபகம் வந்தது. மலையடிவாரத்தில் சுள்ளி பொறுக்கி, சும்மாடு வைத்துத் தூக்கி வருவாள். கார்டு வருகிறான் என்றால் கட்டைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஒருமுறை அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு விட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள். சின்ன வயதில் நானும் கூடச் சிரித்திருக்கிறேன். நம் பக்கத்து வனச் சட்டம் 1882-ல் வந்தது என்பதும், அப்பத்தா ஓடியது அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் என்பதும் அல்மோராவில்தான் எனக்கு உறைத்தது. அப்போது அவள் இல்லை.

அந்தப் பொங்கலுக்கு முற்றத்தில் மூன்று கல் கூட்டி, ஆமா கொடுத்த பாஞ்ச் விறகில்தான் தங்கமணி பால் பொங்க வைத்தாள். குழந்தைகள் கழுத்தில் பலகார மாலை போட்டுக்கொண்டு காக்காயைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். இங்கே அதுதான் சங்கராந்தி வழக்கம்.

இப்போது ஹல்த்வானிக்கு இறங்கி வந்துவிட்டோம். கேஸ், கீசர் எல்லாம் உண்டு. ஆமா காலமாகி வருஷங்கள் ஆகின்றன.

உங்கள் வீட்டில் அப்பத்தாவோ ஆச்சியோ இருந்தால், அடுத்த முறை போனில் பேசும்போது விறகு எங்கே போய்ப் பொறுக்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.