வேழமும் கடற்பசுவும்

இலங்கைக் காடுகளில் உலவும் யானையும் மன்னார்க் கடலிற் புல்மேயும் கடற்பசுவும் உறவினம் என்றால் வியப்போர் பலர். ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மூதாதையின் வழிவந்தவை இவை என்பது விலங்கியலார் முடிபு. இரண்டிற்கும் பால்மடி முன்னுறுப்புகளின் அருகே அமைந்துள்ளது. இரண்டின் தந்தமும் நீண்ட வெட்டுப்பல்லே. யானை 22 மாதமும் கடற்பசு 13 மாதத்திற்கு மேலும் சுமந்து, பெரும்பாலும் ஒரு கன்றையே ஈனும். ஆதலின் இழந்த தொகையை மீட்டல் இரண்டிற்கும் அரிது.

ஒல்லாந்தர் காலத்தில் வன்னியிற் பிடிபட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து, ஊர்காவற்றுறையிற் கப்பலேறின. அன்று செல்வமாயிருந்த விலங்கு ஆங்கிலேயர் ஆட்சியிற் பயிர்ப்பகையாயிற்று. 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், அரசு வழங்கிய சன்மானத்திற்காக, வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு மேல் கொல்லப்பட்டன என எமேசன் ரெனன்ற் எழுதினார். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் புதிய வழி வகுத்தது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,879 யானைகள் காணப்பட்டன. ஆயினும் 2023இல் மட்டும் 400க்கு மேற்பட்டவை மாண்டன. பயிரையும் உயிரையும் இழக்கும் உழவரின் துயரும் இதனோடு பிணைந்ததே.

கடற்பசுவின் வரலாறு ஓசையற்றது. இறைச்சிக்காக அது நெடுங்காலம் வேட்டையாடப்பட்டது. மூச்சுவிட நீர்மட்டத்திற்கு வந்தாக வேண்டிய அவ்விலங்கு, வலையிற் சிக்கினால் மூச்சடைத்து இறக்கும். வெடிவைத்து மீன்பிடித்தலும், கடற்புற்படுகையைக் கிழிக்கும் இழுவை வலைகளும் ஏனைய இடர்கள். சட்டம் அதனைக் காப்பினும், கடலடியிற் காவல் எளிதன்று. 2022இல் தமிழ்நாட்டரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது.

உலகப் பட்டியலில் ஆசிய யானை 'அருகிவரும் இனம்'. கடற்பசுவோ அதனினும் ஒரு படி குறைந்த இடருடையது. இப்பட்டியல் உலகம் முழுவதையும் நோக்குவது. கடற்பசுக்களிற் பெருந்தொகை அவுஸ்திரேலியக் கடலில் வாழ்கின்றது. மன்னார்க் கடலிலோ அது யானையினும் மிக அரிது.

இதன் வட கடல் உறவினமான ஸ்டெல்லர் கடற்பசு 1741இல் அறிவியலாருக்குத் தெரியவந்தது. 1768 அளவில் வேட்டையால் அழிந்தது. இருபத்தேழு ஆண்டுகள் போதுமாயின. யானை காட்டை விட்டு வெளிவந்து தன் இருப்பை அறிவிக்கும். கடற்பசு மறைந்தால் அதனை அறிவிப்பார் இலர். அதனைக் காக்கும் பொறுப்பு, முதலில் அதனைக் காணும் மீனவரிடமும், அவர்தம் பிழைப்பைப் பேணவேண்டிய அரசிடமும் உள்ளது.