உடுவில் வளவில் நாற்பது ஆண்டுகள்: ஸ்போல்டிங் தம்பதியரின் அன்றாட வாழ்வு

எமது கல்லூரியின் வரலாற்றை எந்தப் பழைய மாணவியிடம் கேட்டாலும் இரண்டு பெயர்கள் உடனே வரும். ஒன்று 1824 இல் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்சிலோ அம்மையார். மற்றது 1840 இல் வந்து 1879 வரை நடத்திய எலைசா அக்னியூ அம்மையார். ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என்று அக்னியூ அம்மையாரைப் பற்றி நிறுவுநர் தினத்தில் நாம் கேட்டு வளர்ந்தோம். ஆனால் வின்சிலோ அம்மையார் 1833 ஜனவரி 14 ஆம் திகதி தமது முப்பத்தாறாவது வயதில் இறந்துவிட்டார். அக்னியூ அம்மையார் வந்து சேர்ந்தது ஏழு ஆண்டுகள் கழித்து. அந்த ஏழு ஆண்டுகள் பாடசாலையை யார் பார்த்தார்கள்? அதற்குப் பின்னும் அந்த வளவு வீட்டின் விளக்கை யார் ஏற்றினார்கள்? லெவி ஸ்போல்டிங் பாதிரியாரும் அவர் மனைவி மேரியும்தான். 1833 இல் உடுவிலுக்கு வந்தவர்கள் சாகும்வரை அங்கேயே இருந்தார்கள். அவர்களுடைய நாளாந்த வாழ்வைப் பற்றி இந்த நூற்றாண்டு மலரில் நாலு பக்கமாவது இருக்க வேண்டும் என்று நினைத்தே எழுதுகிறேன்.

லெவி 1791 இல் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் ஜஃப்ரி என்ற சிற்றூரில் பிறந்தவர். மேரி கிறிஸ்டி அதே மாநிலத்து அன்ட்ரிம் ஊரைச் சேர்ந்தவர். 1819 ஜூன் 8 ஆம் திகதி பொஸ்ரன் துறைமுகத்தில் ‘இண்டஸ்’ என்ற பாய்க்கப்பலில் ஏறினார்கள். அதே கப்பலில் வின்சிலோ தம்பதியர், வூட்வேட் தம்பதியர், டொக்டர் ஜோன் ஸ்கடர் தம்பதியர் ஆகியோரும் இருந்தனர். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட முதல் மருத்துவ மிஷனரி இந்த ஸ்கடர்தான். என் தொழிற் பரம்பரையைத் தேடிப் போனால் நானும் அந்தக் கப்பலில்தான் போய் நிற்பேன்.

நான்கு தம்பதியராக வந்தார்கள். வூட்வேட்டின் மனைவி 1825 இல் இறந்தார். வூட்வேட் 1834 இல். ஹரியற் அம்மையாரை மேலே சொன்னேன். 1836 இல் வின்சிலோ பாதிரியாரும் ஸ்கடர் குடும்பத்தினரும் சென்னைக்கு மாறிப் போனார்கள். எட்டுப் பேரில் யாழ்ப்பாணத்தில் மிஞ்சியவர்கள் லெவியும் மேரியும் மட்டுமே. துணைக்குப் புதிய ஆட்களும் லேசில் வரவில்லை. மேலதிகமாக எந்த அமெரிக்க மிஷனரியும் இலங்கைக்குள் வரக்கூடாது என்று ஆங்கில அரசு 1820 இல் தடை போட்டு, 1833 வரை அதை எடுக்கவில்லை. அச்சு வேலைக்காக வந்த ஒருவரைத் திருப்பியும் அனுப்பினார்கள்.

உடுவில் வளவில் போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயமும் குருமனையும் இடிந்து கிடந்தன. அவற்றைத் திருத்தித்தான் மிஷன் குடியேறியது. முருகைக்கல் சுவர், பனைமரச் சலாகை, ஓலைக் கூரை. மழை பெய்தால் எங்கே ஒழுகும் என்று எமக்குத் தெரியாததா?

ஒரு மிஷன் வீட்டின் நாள் எப்படி ஓடியது என்பதை அக்காலத்து மிஷன் கடிதங்களிலிருந்து ஓரளவு தெரிந்துகொள்ளலாம். விடியலில் தமிழில் வீட்டு ஆராதனை. விடுதிப் பிள்ளைகள், வேலையாட்கள், அன்று வந்து நிற்கும் அயலார் எல்லோரும் அதில் இருப்பார்கள். பின்னர் பாதிரியார் கிராமப் பாடசாலைகளைப் பார்க்கப் புறப்படுவார். பிற்பகலில் அகராதி வேலை, அச்சுப்பிழை பார்த்தல். நிலவுக் காலமென்றால் இரவில் கிராமக் கூட்டம். இவை யாவும் ஆண்டறிக்கையில் ஏறும் வேலைகள். மேரியின் நாளோ அரிசி அளப்பதில் தொடங்கியது. எத்தனை பிள்ளைகளுக்கு உலை வைப்பது, யாருக்குக் காய்ச்சல், யாருடைய தலையில் பேன், யாருடைய சேலை கிழிந்தது, எந்தப் பிள்ளையின் தாய் படலையில் அழுதுகொண்டு நிற்கிறாள் என்பவைதாம் அந்த நாளை நிறைத்தன. இடையில் தையல் வகுப்பு, வாசிப்பு வகுப்பு, தாய்மார் கூட்டம். பொஸ்ரனில் இருந்த மிஷன் சபையின் பட்டியல்களில் கணவருக்கு ‘மிஷனரி’ என்ற பதவி போடப்பட்டிருக்கும். மனைவிக்கு ‘ஸ்போல்டிங்கின் துணைவியார்’ என்பதே பெயரும் பதவியும். நாற்பது ஆண்டு வேலைக்கு அவ்வளவுதான்.

அந்தத் தாய்மாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் எழுத வாசிக்கத் தெரிந்த பெண்களை விரல்விட்டு எண்ணலாம் என்று மிஷனரிமார் எழுதினார்கள். அவர்கள் சற்றுக் கூட்டியும் எழுதியிருக்கலாம். இல்லாவிட்டால் அமெரிக்காவில் காசு சேராது. ஆயினும், பெண் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பி, வேறு சாதியார் சமைத்ததை உண்ண விடுவது அன்று எந்தக் குடும்பத்துக்கும் இலகுவான காரியமாக இருக்கவில்லை. ஆகவே மிஷன் ஓர் உடன்படிக்கை செய்தது. பிள்ளைக்குச் சாப்பாடு, உடுப்பு, படிப்பு யாவும் இலவசம். படிப்பு முடியுமுன் கூட்டிப்போகக் கூடாது. கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டினால் சிறு சீதனமும் உண்டு. செலவைப் பொறுத்த அமெரிக்கக் கொடையாளிகள் தாம் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைக்கலாம். வள்ளியும் சின்னத்தங்கமும் இப்படித்தான் நியூ இங்கிலாந்துப் பெயர்களோடு வெளியே வந்தார்கள்.

நான் சைவக் குடும்பத்தில் பிறந்து உடுவிலில் படித்தவள். நெற்றியில் திருநீற்றோடு சிற்றாலயத்தில் பாடியிருக்கிறேன். அதை யாரும் தடுத்ததில்லை. ஆனால் முழுப் படிப்பையும் முடித்த எந்த மாணவியும் சைவராக வெளியேறியதில்லை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பெருமையோடு எழுதியதை வாசிக்கும்போது என்னால் தலையாட்டிவிட்டுப் போக முடியாது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. 1913 இல் எமக்கு அயலிலேயே மருதனார்மடத்தில் சேர். பொன். இராமநாதன் பெண்களுக்கென ஒரு கல்லூரி கட்டியதற்கும் அதுவே காரணம். சோற்றையும் சீதனத்தையும் காட்டிப் பெயரையும் சமயத்தையும் வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. நூற்றாண்டு மலர் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சீதனத்தை நான் கொஞ்சம் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கியது இங்கே வந்த பிறகுதான். இப்போது அம்பாறை மாவட்டத்தில், வரிப்பத்தான்சேனைப் பக்கத்தில் வேலை செய்கிறேன். கல்முனைக் கரையிலிருந்து உள்ளே, வயல்களுக்கு நடுவே உள்ள முஸ்லிம் ஊர். இந்தப் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்வார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். கிளினிக்குக்குப் பேத்தியைக் கூட்டிவரும் உம்மம்மா ஒருவர், “படிக்கட்டும் டொக்டர், ஆனா வீட்டு வேலையும் முடியணுமே” என்பார். படிப்பும் சீதனமும் அவருக்கு ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். மேரி அம்மையாரின் படலையில் நின்ற தாய்மாரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். சமயத்தை விற்க வந்தவர்கள் என்று அவர்களைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளை கரைசேர ஒரு வழி தேடியவர்கள் அவர்கள்.

நம்பிக்கை ஒரே நாளில் வந்ததல்ல. ஊருக்கு மாறி மாறி வரும் வைத்தியரிடம் சனம் எல்லாவற்றையும் சொல்லாது. முதல் வருடம் இருமல், காய்ச்சல்; மூன்றாம் வருடம்தான் வீட்டுக்குள் நடப்பது வெளியே வரும். ஸ்போல்டிங் தம்பதியர் வந்து இருபது ஆண்டுகள் கழியும்போது, முதல் மாணவிகளின் மகள்மார் விடுதிக்கு வரத் தொடங்கிவிட்டனர். அக்னியூ அம்மையார் மூன்று தலைமுறைக்குக் கற்பித்தவர் என்று சொல்கிறோம். விடுமுறைகளில் பழைய மாணவிகளின் வீடுகளுக்குப் போய்வருவது அவர் வழக்கம். எமது சங்கத்தின் முதலாவது கூட்டங்கள் அந்தத் திண்ணைகளில்தான் நடந்தன என்று வைத்துக்கொள்ளலாம். அவர் போய்வந்த வளவு வீட்டில் மூத்தவர்களாக இருந்தவர்கள் இந்தத் தம்பதியர்.

இழப்பு அவர்கள் பக்கமும் இருந்தது. மிஷன் குடும்பங்கள் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பிவிடும். கடிதம் போய்ச்சேர நாலைந்து மாதம். வின்சிலோ தம்பதியரின் மகன் சார்ள்ஸ் அப்படிப் போய், 1832 இல் பதினொரு வயதில் நியூயோர்க்கில் இறந்தான். தாயின் சாவு அதற்கடுத்த ஜனவரியில். (அவர்களுடைய மகள் ஒருத்தியின் பேரப்பிள்ளைகள்தாம் பிற்காலத்தில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளராக இருந்த ஜோன் ஃபொஸ்டர் டலஸும், உளவுத் துறைத் தலைவர் அலன் டலஸும். உடுவில் வளவிலிருந்து வேர் எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்.) ஊரில் வாந்திபேதி அடிக்கடி வந்து போனது. மிஷனின் முதற் குழுவைச் சேர்ந்த டானியல் பூவர் 1855 பெப்ரவரியில் மானிப்பாயில் அதற்கே பலியானார். நீரிழப்பால் ஆள் சாகும். உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தப்பும் என்பது நமக்கு இன்று தெரியும். அன்று எந்த வைத்தியருக்கும் தெரியாது. நாற்பது, ஐம்பது பெண் பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த ஒரு பெண், கிணற்றையும் சமையலறையையும் பார்த்துக்கொண்டு அந்தக் காலங்களைக் கடந்திருக்கிறார். இதற்கு என்ன பட்டம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

லெவி பாதிரியாரின் எழுத்து வேலையைத் தமிழறிந்தவர்கள் நன்கு அறிவர். 1842 இல் வெளியான, மானிப்பாய் அகராதி என்றும் யாழ்ப்பாண அகராதி என்றும் வழங்கும் நூல், ஜோசப் நைற் பாதிரியார் தொடங்கிய வேலை. 1840 இல் அவர் இறந்தபின் அது தொடர்ந்தது ஸ்போல்டிங்கின் மேற்பார்வையில். அதில் பெரும்பங்கு சந்திரசேகர பண்டிதருடையது. பழைய அட்டைகள் இதை உரக்கச் சொல்வதில்லை. 1852 இல் ஆங்கிலம்-தமிழ் அகராதி வந்தது. கிறிஸ்தவப் பாடல்களும் எழுதினார். அச்சகம் மானிப்பாயில், நடந்து போகிற தூரம். ஓலையும் எழுத்தாணியுமாகப் பண்டிதர் ஒரு பக்கம், இறகுப் பேனையோடு பாதிரியார் மறுபக்கம். தமிழை வெள்ளைக்காரர் படித்த மாதிரி நாமும் படித்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று என் தமிழ் ஆசிரியை அடிக்கடி ஏசியது நினைவில் நிற்கிறது.

பொஸ்ரன் சபை ஒருபோதும் நிம்மதியாக விடவில்லை. 1837 இல் அமெரிக்காவில் பணநெருக்கடி வந்தபோது கிராமப் பாடசாலைகள் பெருந்தொகையாக மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். 1855 இல் சபையின் செயலாளர் ரூஃபஸ் அண்டர்சன் நேரில் வந்து, ஆங்கிலக் கல்வியால் மதமாற்றம் நடக்கவில்லை, உத்தியோகம் தேடுபவர்கள்தாம் உருவாகிறார்கள் என்று கணக்குப் பார்த்தார். வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. உடுவிலிலும் ஆங்கிலம் குறைந்தது, பிள்ளைகளின் தொகையும் குறைந்தது. அப்போது லெவிக்கு அறுபத்து மூன்று வயது, மேரிக்கு ஏறத்தாழ அறுபது. இன்றைய அரசாங்கச் சுற்றறிக்கைப்படி ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் வயது. அவர்களோ குறைந்த பிள்ளைகளோடு, தமிழிலே, அதே மணி அடித்து, அதே அரிசியை அளந்து நடத்தினார்கள். விடுதி மூடப்படவில்லை. எமது தொடர்ச்சி அறுந்துபோயிருக்கக்கூடிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். அண்டர்சனின் வருகையை வரலாற்று நூல்கள் பல பக்கங்களில் எழுதும். அடுத்த நாட்காலை அடுப்பு மூட்டப்பட்டதை எழுதுவதில்லை.

ஐம்பத்து மூன்று ஆண்டுகளில் அவர்கள் பிறந்த நாட்டுக்குப் போய்வந்தது ஒரே ஒரு தடவை, 1840களின் நடுப்பகுதியில். 1847 இல் டொக்டர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியபின், நல்ல வைத்தியர் ஒருவர் கிட்டவே இருந்தார். அந்த மண்ணில் இருவரும் எண்பதை அண்டி வாழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். பழஞ்சோறும் பனங்கட்டியும் காரணம் என்று என் அம்மம்மா சொல்லியிருப்பார்.

முதுமையில் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்: பாதிரியார், மேரி அம்மையார், கலியாணம் செய்யாமல் பாடசாலையோடு வாழ்ந்த அக்னியூ அம்மையார். மூவரும் தமிழில் கனவு காணும் அளவுக்கு நாளாகியிருக்கும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு பழைய மாணவிகள் பெருநாளுக்கும் வருடப்பிறப்புக்கும் வந்து பார்த்துப் போயிருப்பார்கள். கொண்டுவந்த பெட்டிக்குள் பனாட்டும் பயற்றம் பணியாரமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். வேறு எதை உடுவிலாள் கொண்டுபோவாள்?

1873 ஜூன் 18 ஆம் திகதி லெவி ஸ்போல்டிங் உடுவிலிலேயே காலமானார். வயது எண்பத்தொன்று. கப்பல் ஏறி மகவுகளிடமோ உறவினரிடமோ போகச் சுயெஸ் கால்வாய் அப்போது திறந்தாகிவிட்டது. பயணமும் பழையபடி மாதக் கணக்கில் இல்லை. மேரி அம்மையார் போகவில்லை. மறு ஆண்டு அவரும் காலமானார். அக்னியூ அம்மையார் மேலும் ஐந்து ஆண்டுகள் அந்த வளவில் தொடர்ந்து, 1879 இல் திறப்புகளைக் கொடுத்துவிட்டு மானிப்பாய்க்குப் போனார்.