பண்டத்தரிப்பு மிசன் வீடு: ஓர் இல்லத்தின் வரலாறு

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனின் பணியினை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அதன் கல்லூரிகளையும் அச்சகத்தையும் மருத்துவமனைகளையுமே நோக்கினர். இந்நிறுவனங்கள் யாவும் முதலில் ஒரு வீட்டின் கூரையின் கீழேயே தோன்றின என்பது போதிய கவனத்தைப் பெறவில்லை. மிசனரியின் வீடு குடும்பம் வாழும் இல்லமாக மாத்திரம் அமையவில்லை. பள்ளிக்கூடமும் மருந்துச்சாலையும் வழிபாட்டிடமும் அதுவே. அவ்வீட்டின் நாளாந்த வாழ்வை அறியாது அம்மிசனின் வரலாற்றை முழுமையாக அறிதல் இயலாது.

அமெரிக்க மிசனரிமாரின் முதற்குழுவினர் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1819 யூன் மாதம் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட இரண்டாவது குழுவில் வின்ஸ்லோ, ஸ்போல்டிங், வூட்வேட், ஸ்கடர் என்னும் நால்வரும் அவர்தம் மனைவியரும் இருந்தனர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று அங்கேயே தொழில் புரிந்த ஜோன் ஸ்கடர், தம் மனைவி ஹரியற்றுடனும் சிறு பெண்குழந்தையுடனும் கப்பலேறினார். நான்கு மாதங்களுக்கு மேல் நீண்ட அப்பயணம் கல்கத்தாவை அடைந்தபோது அக்குழந்தை நோயுற்று இறந்தது. யாழ்ப்பாணத்திற் பிறந்த அடுத்த குழந்தையும் விரைவில் மறைந்தது. பிற்காலத்தில் பெருங்குடும்பமாய் விளங்கிய ஸ்கடர் குடும்பத்தின் தொடக்கம் இவ்விரு மரணங்களேயாகும்.

1820 இல் ஸ்கடர் குடும்பத்தினர் பண்டத்தரிப்பிற் குடியேறினர். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் ஆகிய இடங்களிற் போலவே இங்கும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் கோவிலும் அதனை அடுத்த வீடும் கைவிடப்பட்ட நிலையிற் கிடந்தன. ஆங்கில அரசின் அனுமதியுடன் மிசனரிமார் இக்கட்டடங்களைப் பெற்றுத் திருத்தினர். தடித்த சுண்ணக்கற் சுவர்கள் வெப்பத்தைத் தடுத்தன. கூரைக்குப் பனையோலையும் கிடுகும் பயன்பட்டன. விறாந்தையே வீட்டின் மிக முக்கியமான பகுதியாயிற்று. நோயாளரும் மாணவரும் மிசனரியுடன் வாதிட வந்த அயலவரும் அங்கேயே கூடினர். வீட்டுக்கும் ஊருக்கும் இடையே கதவு அடைபட்ட நேரம் மிகக் குறைவு எனலாம்.

அன்றாட வாழ்வு வெயிலைக் கணக்கிட்டு ஒழுங்கு செய்யப்பட்டது. விடியற்பொழுதில் எழுதலும், குடும்பத்தார், மாணவர், வேலையாட்கள் அனைவரும் ஒருங்கே கூடிய தமிழ் வழிபாடும் காலைக்குரியன. பின்னர் தந்தை நோயாளரைப் பார்க்கச் செல்ல, தாய் தம் பிள்ளைகளுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் பாடஞ்சொன்னார். நண்பகல் வெப்பத்தில் எழுத்து வேலையும் தையலும் நிகழ்ந்தன. மாலையிற் கிராமங்களுக்குச் செல்லும் வழக்கம் இருந்தது. ஸ்கடர் கண்படலம் நீக்குதல், உறுப்பகற்றல் முதலிய சத்திர சிகிச்சைகளையும் செய்தார். அமெரிக்கச் சிறுவர்க்கென அவர் எழுதிய கடிதங்களும் நூல்களும் அந்நாட்டில் பரவலாக வாசிக்கப்பட்டன.

இவ்வொழுங்கு முழுவதையும் தாங்கியவர் இல்லத்தரசியே. மிசனின் பதிவேடுகளில் மனைவியர் உதவி மிசனரிமார் என்றே குறிக்கப்பட்டனர். ஹரியற் ஸ்கடர் பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்ததோடு, விடுதிப் பிள்ளைகளின் உணவையும் உடையையும் கவனித்தார். ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளையும் அப்பிள்ளைக்கான தனிப்பிரார்த்தனைக்கென ஒதுக்கினார் என அக்குடும்ப மரபு கூறும். ஆயினும் இவ்வுழைப்பு அவரால் மாத்திரம் நடைபெற்றதன்று. நீர் இறைத்தோர், சமைத்தோர், துணி வெளுத்தோர், குழந்தை தூக்கியோர் யாவரும் ஊரவரே. மிசனரிமார் எழுதிய கடிதங்களில் இவர்களுட் பெரும்பாலோர் தொழிலாற் சுட்டப்பட்டனரேயன்றிப் பெயராற் சுட்டப்படவில்லை. ஒரு பெருங்குடும்பத்தின் வரலாற்றில் அதன் அடுப்பை எரியவைத்தோர் பெயரற்றுப் போயினர் என்பது நோக்கத்தக்கது.

உணவு அவ்வீட்டிற் பெரும் சிக்கலாயிற்று. வேளாளப் பிள்ளைகள் தொடக்கத்தில் மிசன் வளவிற் சமைத்த உணவை உண்ணவோ, அங்குள்ள கிணற்று நீரைப் பருகவோ உடன்படவில்லை. வட்டுக்கோட்டையில் அயலிலுள்ள சைவர் ஒருவரின் காணியிற் சமையற்கூடம் அமைக்கும் அளவுக்கு மிசனரிமார் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. சாதியைக் கண்டித்துப் பிரசங்கித்தோர் சமையலறை வாயிலில் அதனுடன் உடன்படிக்கை செய்தனர். யாழ்ப்பாணச் சமூகம் மிசனை ஏற்றது போலவே மிசனும் யாழ்ப்பாணச் சமூகத்தை ஓரளவு ஏற்கவேண்டியதாயிற்று என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இவ்வில்லங்களின் வரலாற்றில் மிக ஆழமான முரண்பாடு பிள்ளைகளைப் பற்றியது. மிசனரிமார் தமிழ்ப் பெற்றோரிடம், தங்கள் பிள்ளைகளை விடுதியில் ஒப்படைக்குமாறு கேட்டனர். 1824 இல் உடுவிலில் நிறுவப்பட்ட பெண்கள் விடுதிப் பாடசாலையிற் சேர்ந்த சிறுமியர், படிப்பு முடியும்வரை அங்கேயே தங்கவேண்டும் எனப் பெற்றோர் உடன்படவேண்டியிருந்தது; படிப்பை முடித்துத் திருமணஞ் செய்வோர்க்கு மிசனே சீதனமும் வழங்கிற்று. அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்கள் பிள்ளைகளுக்கு இடப்பட்டன. கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை எனத் தமிழுலகம் போற்றும் அறிஞரின் பெயர்களில் இவ்வழக்கத்தின் சுவடு இன்றும் உண்டு.

அதே மிசனரிமார் தம் சொந்தப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பினர். உயர்கல்விக்கு இங்கு வழியில்லை. வெப்பநாட்டுக் காய்ச்சல்கள் அச்சுறுத்தின. வேறொரு காரணமும் இருந்தது. வேலையாட்களுடனும் விடுதிப் பிள்ளைகளுடனும் வளர்ந்த இச்சிறுவர் தமிழை எளிதிற் பேசினர். ஊரின் மொழியைத் தாம் வருந்திக் கற்ற பெற்றோர், அவ்வூரின் வழக்கங்கள் தம் பிள்ளைகளிடம் படிவதைக் கண்டு கலங்கினர். உடுவிலில் வாழ்ந்த வின்ஸ்லோ தம்பதியரின் மகன் சார்ள்ஸ், அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட பின்னர், 1832 இற் பதினொரு வயதில் நியூயோர்க்கில் இறந்தான். அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே அவன் தாய் ஹரியற் வின்ஸ்லோ உடுவிலிற் காலமானார். ஒரு கடிதம் சென்று சேரப் பல மாதங்கள் எடுத்த அக்காலத்தில், அனுப்பிய பிள்ளையை மீண்டும் காண்போம் என்னும் உறுதி எந்தத் தாய்க்கும் இருக்கவில்லை.

ஸ்கடர் குடும்பத்தின் மூத்த மகனும் 1822 இற் பண்டத்தரிப்பிற் பிறந்தவருமாகிய ஹென்றி மார்ட்டின் இளமையிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். இளையோரும் அவ்வழியே சென்றனர். 1836 இற் பெற்றோர் சென்னைக்குப் பணிமாறினர். எனினும் பிரிவு இக்குடும்பத்தை இந்நிலத்திலிருந்து அகற்றவில்லை. ஹென்றி 1844 இல் மிசனரியாகத் தமிழகம் வந்தார். வில்லியம் சில காலம் யாழ்ப்பாணத்திலேயே பணியாற்றினார். புதல்வர் எழுவர் இவ்வாறு மீண்டனர். 1853 இல் ஆர்க்காட்டு மிசன் அச்சகோதரராலேயே அமைக்கப்பட்டது. தாய் ஹரியற் 1849 இற் சென்னையில் மறைந்தார். தந்தை 1855 இல் நன்னம்பிக்கை முனைப் பகுதியில் உயிர்நீத்தார். இளைய மகன் ஜோனின் மகளாகிய ஐடா ஸ்கடர், 1918 இல் வேலூரிற் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார்.

இதனை வெறும் அர்ப்பணிப்பின் கதையாகவோ, அன்றி ஆதிக்கத்தின் கதையாகவோ மாத்திரம் கொள்வது பொருந்தாது. இவ்வில்லத்தில் இருவகைப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பிரிந்தனர். ஒரு சாரார் தாம் பெற்ற அழைப்பின் பொருட்டும், மற்றோர் சாரார் ஆங்கிலக் கல்வியும் உத்தியோகமும் தரும் நல்வாழ்வின் பொருட்டும் அதனை ஏற்றனர். முன்னையோரின் கண்ணீர் நினைவு நூல்களாக அச்சேறிற்று. பின்னையோரின் கண்ணீரை எழுதிவைக்க எவரும் முன்வரவில்லை. யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றைப் பாராட்டுவோர், அக்கல்விக்கு விலை கொடுத்த அவ்விரு சாராரையும் ஒருங்கே நினைவுகூர்தல் வேண்டும். இரண்டாம் சாராரின் வரலாறு எழுதப்படும்போதே மிசன் வீட்டின் வரலாறு நிறைவுபெறும்.