நெருப்பைத் தாங்கும் மண்

மலைநாட்டுத் தேயிலையின் வரலாற்றைக் கூறுவோர் கொழுந்தைப் பற்றிக் கூறுவர். அதைக் கொய்யும் கைகளைப் பற்றியும் கூறுவர். அக்கொழுந்தை உலர்த்தும் நெருப்புக்கும் ஒரு வரலாறு உண்டு.

1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், களிமண் அடுப்பிலே கரிநெருப்பு மூட்டி, கம்பித் தட்டுகளில் இலையைப் பரப்பி உலர்த்தினார். 1881இல் சாமுவேல் டேவிட்சன் பெல்பாஸ்ட் நகரில் நிறுவிய 'சிரொக்கோ' தொழிற்சாலை, சூடேற்றிய காற்றால் உலர்த்தும் யந்திரங்களைச் செய்தது. 1884இல் புகையிரதப் பாதை ஹற்றனை எட்டியது. அப்பாதையில் ஹற்றனுக்குக் கீழே உள்ள றொசல்ல போன்ற ஊர்களுக்குக் கனமான யந்திரங்களைக் கொணர்வது எளிதாயிற்று. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என வழங்கும் தொழிற்சாலைகளில் விறகு உலைகள் எரியலாயின.

அவ்வுலைகளின் உட்சுவர் தீச்செங்கல்லால் ஆனது. அதை உருக்க விறகு நெருப்பின் உஷ்ணம் போதாது. எனினும் காலப்போக்கில் அதன் முகம் கண்ணாடிபோல் பளபளத்து, வெடித்து, பொருக்காக உதிர்கிறது. காரணம் யாது? விறகுச் சாம்பலிலுள்ள பொட்டாசியக் காரம் செங்கல்லின் மணற்சத்தோடு கூடி, குறைந்த உஷ்ணத்திலேயே உருகும் கண்ணாடியாகிறது. சீனக் குயவர்கள் 3000 ஆண்டுகளுக்கு முன்பே இதே சாம்பலால் கலங்களுக்கு மெருகேற்றினர். கலத்துக்கு அழகு தருவது உலைக்கு நோயாகிறது.

இந்நோய் இன்று ஆகாய விமானத்தையும் தொடர்கிறது. 1975இல் ஜப்பானியப் பேராசிரியர் செய்ஷி யாஜிமா சிலிக்கன் கார்பைட் இழைகளை ஆக்கும் வழியை வெளியிட்டார். அவ்விழைகளைப் பீங்கானுள் பொதித்த கலப்புப் பொருள், 2016 முதல் பயணிகள் விமான யந்திரங்களில் பயன்படுகிறது. உலோகம் தளரும் உஷ்ணத்திலும் அது உறுதியாக நிற்கும். அதன்மேல் தானாகவே படரும் மெல்லிய சிலிக்காப் படலமே அதற்குக் கவசம். ஆனால் எரிபொருள் எரியும்போது பிறக்கும் நீராவி அப்படலத்தை வாயுவாக்கிக் கரைத்துச் செல்கிறது. காற்றில் வரும் புழுதியும் எரிமலைச் சாம்பலும் அதன்மேல் கண்ணாடியாக உருகி ஒட்டுகின்றன. ஆகவே விஞ்ஞானிகள் இட்டெர்பியம் சிலிக்கேட் போன்ற பூச்சுகளை அதற்கு மேலாடையாகப் போர்த்துகின்றனர்.

உஷ்ணத்தை வென்றால் மட்டும் போதாது. நெருப்பு சுமந்துவரும் பொருள்களையும் வெல்ல வேண்டும். உலையின் சாம்பலை நாள்தோறும் வாரி அகற்றும் தொழிலாளி வெறும் துப்புரவுப் பணி செய்பவரல்லர்; செங்கல்லின் ஆயுளையும் காப்பவர். விமானத்துக்குப் பூச்சுத் தேடும் விஞ்ஞானி புரிவதும் அதே காவல்தான்.