ரூட்டர்களில் இரட்டை பிராசஸர்

பெரிய ரூட்டர் ஒன்றில் ஒரே கட்டுப்பாட்டு வேலைக்காக இரண்டு பிராசஸர் அட்டைகளைப் பொருத்துவதும், முதல் அட்டை பழுதானால் இரண்டாவது பொறுப்பேற்கும்படி அமைப்பதும் இரட்டை பிராசஸர் முறை எனப்படும். இணையச் சேவை நிறுவனங்களும் வங்கிகளும் நம்பியிருக்கும் இம்முறையின் தாய்வீடு தொலைபேசி இணைப்பகம்.

வடக்கு லண்டனின் ஆர்ச்வே பகுதியில் பல தொலைபேசி எண்கள் இன்றும் 020 7272 என்று தொடங்குகின்றன. அந்த 272, எழுத்துப் பொறித்த பழைய டயலில் ‘ஆர்ச்வே’ என்ற ஆங்கிலப் பெயரின் முதல் மூன்று எழுத்துகள். 1927 நவம்பரில் ஹோல்போர்னில் தொடங்கி லண்டன் முழுவதும் பரவிய டைரக்டர் முறையின் மிச்சம் அது. சுழற்றிய எண்ணை வாங்கி வழி கண்டுபிடிக்கும் டைரக்டர் கருவிகள் ஓர் இணைப்பகத்தில் கொத்தாக இருக்கும். ஒன்று பழுதானால் அதில் சிக்கிய அழைப்பு மட்டும் கெடும். அடுத்து அழைப்பவருக்கு வேறொரு டைரக்டர் கிடைக்கும். எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஒற்றை மூளை அங்கே கிடையாது என்பதால், மாற்று மூளை வைக்கும் தேவையும் எழவில்லை.

மின்னணு யுகம் அந்த வேலையை ஓரிடத்தில் குவித்தது. ஹைகேட் முருகன் கோயில் இருக்கும் ஆர்ச்வே ரோட்டின் வடகோடிப் பக்கம் ஹைகேட் உட் என்றொரு பழங்காடு உண்டு. அதன் பெயரைத் தாங்கி 1962 டிசம்பர் 12 அன்று பிரிட்டனின் முதல் முழு மின்னணு இணைப்பகம் திறக்கப்பட்டது. துணிச்சலான முயற்சிதான், ஆனால் நடைமுறைக்கு ஒத்துவராமல் கைவிடப்பட்டது. 1966இல் டெர்பிஷயரின் ஆம்பர்கேட்டில் இயங்கத் தொடங்கிய டிஎக்ஸ்இ-2 இணைப்பகமே நிலைத்தது. அதன் பொதுக் கட்டுப்பாட்டுப் பகுதி இரட்டையாக அமைந்தது. இரண்டும் முறைவைத்து வேலை செய்தன. இது மிகவும் நுட்பமான முடிவு. மாற்றுக் கருவி மாதக்கணக்கில் சும்மா நின்றால் அது எப்போது கெட்டது என்று யாருக்கும் தெரியாது. ஆபத்து வந்த அன்றைக்குத்தான் தெரியவரும்.

அமெரிக்காவில் பெல் நிறுவனம் வேறு வழியில் போனது. 1965 மே 30 அன்று நியூஜெர்சியின் சக்கசன்னாவில் தொடங்கிய 1-இஎஸ்எஸ் இணைப்பகத்தில் இரு பிராசஸர்கள் ஒரே கட்டளைகளை ஒரே நேரத்தில் இயக்கி, விடைகளை ஒப்பிட்டுக்கொண்டே இருந்தன. 40 ஆண்டுகளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் சேவை நிற்கக்கூடாது என்பது இலக்கு. விடைகள் வேறுபட்டால் தவறு யாருடையது? அதைக் கண்டறிவதற்கென்றே தனியாகச் சோதனை நிரல்கள் எழுதப்பட்டன.

இந்தியாவில் 1984இல் பிறந்த அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் இதே பாடத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோனது. 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கிட்டூரில் இயங்கத் தொடங்கிய 128 முனை ‘ராக்ஸ்’ இணைப்பகம் குளிர்சாதனம் இல்லாத அறையிலேயே ஓடியது. அதன் கட்டுப்பாட்டு அட்டைகளும் இரட்டை. பழுது பார்க்க ஆள் வந்து சேர நேரமாகும் ஊரில் இது ஆடம்பரம் ஆகாது.

கணினி வலையமைப்புகள் ஒற்றை பிராசஸரோடுதான் தொடங்கின. ஆர்ச்வேயிலிருந்து நார்தர்ன் லைனில் தெற்கே போனால் வரும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 1973 ஜூலையில் பீட்டர் கிர்ஸ்டைன் குழு இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டோடு இணைந்தபோது, அங்கே நின்றது ஹனிவெல் 316 அடிப்படையிலான முனையக் கருவி. அந்த வகைக் கருவியில் நிரல் சிதைந்தால் பக்கத்துக் கருவியிடமிருந்து புதிதாக இறக்கிக்கொள்ள முடியும். பிராசஸருக்கோ மாற்று இல்லை. அதே ஆண்டுகளில் ஆர்ப்பாநெட் கருவிகளைச் செய்த பிபிஎன் நிறுவனம் உருவாக்கிய ‘ப்ளூரிபஸ்’ பல பிராசஸர்களைச் சமமாக வைத்தது. அடுத்த வேலையை எந்தப் பிராசஸரும் எடுக்கலாம். ஒன்று விழுந்தால் வேகம் குறையும், ஓட்டம் நிற்காது. பின்னாளில் ரூட்டர் செய்தவர்கள் இந்தச் சமத்துவத்தை விட்டுவிட்டு ‘முதன்மை–துணை’ என்ற எளிய வழியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எடுத்துக்காட்டாக, சிஸ்கோவின் பழைய 7507 ரூட்டரில் 2, 3ஆம் இடங்களும் 7513இல் 6, 7ஆம் இடங்களும் இந்த இரு அட்டைகளுக்கானவை. அமைப்பவர் இரண்டிலும் பொருத்தமான ஐஓஎஸ் மென்பொருளை ஏற்ற வேண்டும். முதன்மை அட்டையில் சேமிக்கும் அமைப்புகள் துணைக்கும் போய்ச் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு, வேண்டுமென்றே முதன்மையை நிறுத்திச் சோதிக்க வேண்டும். பலர் தவிர்ப்பது இந்தக் கடைசிப் படியைத்தான்.

தொடக்கக் கால முறையில் துணை அட்டை பொறுப்பேற்றால் ரூட்டர் முழுவதும் மறுபடி கிளம்பும். சில நிமிடங்கள் போகும். பின்னர் வந்த ஆர்பிஆர் முறையில் துணை பாதி விழித்திருக்கும். ஆர்பிஆர் பிளஸில் முழுவதும் விழித்திருப்பதால் இணைப்பு அட்டைகள் மறுதொடக்கம் ஆவதில்லை. எஸ்எஸ்ஓ முறையில் இணைப்புகளின் நடப்பு நிலையும் துணைக்குத் தொடர்ந்து தெரிவிக்கப்படும். அதோடு, பொறுப்பு மாறும் இடைவேளையில் பக்கத்து ரூட்டர்கள் உறவை முறிக்காமல் பொறுத்திருக்க வேண்டும். ரூட்டர்கள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைகளில் ஓஎஸ்பிஎஃப்-க்கு 2003இலும் பிஜிபி-க்கு 2007இலும் அதற்கான விதிகள் வெளியாயின. பக்கத்து ரூட்டருக்கு அந்த விதி தெரியாவிட்டால் இங்கே இரண்டு அட்டை இருந்தும் பாதை அறுந்துபோகும்.

வன்பொருள் பழுதுக்கு மருந்தான இந்த முறை மென்பொருள் பிழைக்கு மருந்தாகாது. 1990 ஜனவரி 15 அன்று ஏடி&டி நிறுவனத்தின் நியூயார்க் இணைப்பகம் ஒன்று பழுதிலிருந்து மீண்டு, அண்டை இணைப்பகங்களுக்குச் செய்தி அனுப்பியது. அதைக் கையாண்ட நிரலில் ஒரு வரி இடம்மாறியிருந்தது. முதல் பிராசஸர் விழுந்ததும் துணை எழுந்தது. அடுத்த செய்தி வந்ததும் அதே நிரலை ஓட்டிய துணையும் விழுந்தது. 114 இணைப்பகங்களில் இது பரவி, சுமார் 9 மணி நேரம் நெடுந்தொலைவு அழைப்புகளில் ஏறக்குறைய பாதி தோற்றன.

ஆகவே ஒரே மென்பொருளை ஓட்டும் இரண்டு அட்டை கொண்ட ஒரே பெட்டியைவிட, வெவ்வேறு மென்பொருள் ஓடும் தனித்தனி இரண்டு பெட்டிகளே உறுதியானவை. 1994இல் ஐந்து நிறுவனங்களோடு டாக்லண்ட்ஸ் டெலிஹவுஸில் தொடங்கிய லண்டன் இணையப் பரிமாற்றகமான லிங்க்ஸ், தலைநகரில் இரண்டு தனி வலையமைப்புகளை நடத்துகிறது. இரண்டிலும் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள்.