சிவகாசியில் எல்லோருக்கும் வேலை இருக்கிறதா?

சிவகாசி பற்றிப் பேச்சு வந்தாலே, "அங்க வேலை இல்லாத ஆளே கிடையாது" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். விருதுநகர் பக்கம் இது ரொம்ப நாளாக ஓடும் வசனம். இது எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்கலாம்.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். வானம் பார்த்த பூமி. மருந்து காய வெயிலும், விவசாயம் பொய்த்ததால் ஆட்களும் தாராளமாகக் கிடைத்தார்கள். 1940களில் பட்டாசு ஆலைகள் வந்தன, அச்சுத் தொழிலும் வளர்ந்தது.

ஆனால் கூலி? பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்குதான். செய்த அளவுக்குக் காசு. ஒருத்தர் கூலியில் வீடு ஓடாது என்பதால் பிள்ளைகளும் வேலைக்குப் போனார்கள். அப்படித்தான் ஊரில் 'எல்லோருக்கும்' வேலை கிடைத்தது!

1944-ல் இங்கிலாந்தில் பெவரிட்ஜ் முழு வேலைவாய்ப்புக்கு இலக்கணம் எழுதினார். வேலை தேடுபவர்களைவிடக் காலியிடங்கள் அதிகம் இருக்க வேண்டும், அதுவும் நியாயமான கூலியில் இருக்க வேண்டும் என்றார். நம்மாட்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பெருமைப்படுகிறோம்.

இரண்டாவது பாதியின் பக்கம் வந்தது எம்.சி. மேத்தா வழக்கு. சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடரப்பட்டது. 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் நிதியில் போட வேண்டும். பிள்ளையை மீட்க அப்பா அம்மாவுக்கு வேலை வேண்டும் என்று நீதிமன்றம் சரியாகவே பிடித்தது. ஆனால் அந்த 'முடியாவிட்டால்' இருக்கிறதே! நாங்கள் புரோகிராம் எழுதும்போது இப்படி ஒரு சுலபமான வழியை விட்டுவைத்தால், எல்லாம் அந்தப் பக்கமேதான் ஓடும்.

2018 அக்டோபர் 23-ல் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. அதையொட்டி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஐடி கம்பெனியில் புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நாளைக்காவது சம்பளம் வரும். எண்ணிக்கைக் கூலிக்காரருக்கு எண்ண ஒன்றும் இல்லையென்றால் கூலியும் இல்லை.

எண்ணிக்கைக் கூலி அவசரப்படவும் வைக்கும். வெடிமருந்துக்கு நடுவே அவசரம் என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே யாராவது அந்த வசனத்தைச் சொன்னால் ஒன்று கேளுங்கள்: ஒரு ஆள் கூலியில் ஒரு குடும்பம் நிம்மதியாகச் சாப்பிட முடியுதா?